அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூடங்கள் ஒரு பாரத்தைக் கையில் கொடுத்துவிடும். பிள்ளையின் ரத்த வகையிலிருந்து எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது வரை கேட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில் மெல்ல ஒரு கேள்வி வைத்திருப்பார்கள். பெற்றோர் கிடைக்காத நேரத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் யார்? ஆள் உள்ளூர்க்காரராக, ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவராக இருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். போனில் நானூறு பேரைச் சேமித்து வைத்திருப்பவர்கள்கூட அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சரண்யாதேவி மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குத் தூத்துக்குடி பிறந்த ஊரும் இல்லை, புகுந்த ஊரும் இல்லை. பிறந்தது கயத்தாறு, வாழ்க்கைப்பட்டது உடன்குடி. கணவன் பாலகணேஷ் சரக்குக் கப்பலில் மோட்டார்மேன், எஞ்சின் அறை வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. துறைமுகத்தில் சரக்குக் காகிதம் பார்க்கும் ஏஜென்சி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்ததால், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஐஸ்வர்யாவோடு இங்கே ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறாள். தெருவில் எல்லோரும் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள். அவ்வளவுதான் பழக்கம்.

முதலில் கீழ்வீட்டு வேல்விழி அக்காவைக் கேட்டாள். அக்கா பாரத்தை வாங்கி, ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

"நமக்கு பிரஷர் இருக்குல்லா சரண்யா. மாசத்துல பாதி நாளு மக வீட்டுல கெடக்கேன். நாளைக்கு ஒண்ணுன்னா என் மேலல்லா பேச்சு வரும்?"

பாரம் திரும்பி வந்தது. மளிகைக்கடை அண்ணாச்சியைக் கேட்கலாம் என்று நினைத்து, கடை வாசல் வரை போய், கால் கிலோ உளுந்து வாங்கிக்கொண்டு திரும்பினாள். புருசன் கடலில் இருக்கிறவள் பள்ளிக்கூடத்தில் இன்னொரு ஆம்பிளை பெயரை எழுதிக் கொடுத்தால் அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் உடன்குடி போய்ச் சேர்ந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

உண்மையைச் சொன்னால், எழுதுவதற்கு ஒரு பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் வன்னியபெருமாள். பாலகணேஷின் கூடப்பிறந்த அண்ணன். ஐஸ்வர்யாவுக்குப் பெரியப்பா. ஐந்து கிலோமீட்டர் என்ன, ஐந்நூறு மீட்டர்கூட இல்லை. ஆனால் இரண்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

காரணம் மாமனார் சுடலைக்கண்ணுவின் சாவு. அவர் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் உடன்குடி வீட்டில் இறந்தார். பாலகணேஷ் அப்போது கொழும்புத் துறைமுகத்தில் கப்பலை விட்டிறங்கி, எப்படியும் சனிக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுகிறேன், ஐஸ் பெட்டியில் வையுங்கள், அய்யா முகத்தை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று போனில் அழுதான். வன்னியபெருமாள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எடுத்துக் கொள்ளி வைத்துவிட்டார்.

"சனிப்பொணம் தனிப்போகாதும்பாவ. இன்னொரு உசிரைத் துணைக்குக் கூப்பிடும். வீட்டுல சின்னப் பிள்ள இருக்குல்லா" என்றார்.

"பாடையில துணைக்கு ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி எடுத்தாப் போச்சு. இதுக்குப் போயா பெத்த தகப்பன் முகத்தைப் பார்க்க விடல?" என்று பாலகணேஷ் வந்த அன்றைக்குச் சாம்பலுக்கு முன்னால் நின்று கத்தினான். "இனி நீ என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. நாஞ் செத்தாலும் வரக்கூடாது."

அன்றோடு முடிந்தது. சரண்யாதேவிக்குப் பெரியத்தான், ஓர்ப்படி என்று யாரோடும் தனியாகச் சண்டை இல்லை. ஆனாலும் அவளுக்குக் கணவன் பக்கம் நிற்பதுதான் சரியென்று பட்டது. கருப்பட்டிக் கடை இருக்கும் தெரு வழியாகப் போக வேண்டி வந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள்.

நாலாம் நாள் காலை, வேன் வந்து ஆரன் அடிக்கும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவள் போனில் இரண்டு சிம். இரண்டாவது சிம் செத்துப்போன மாமனாருடையது. காஸ் புக்கிங்கிலிருந்து ரேஷன் கார்டு வரை எல்லாம் அந்த நம்பரில்தான் இருந்ததால், அதற்கு உயிர் கொடுத்து வைத்திருந்தார்கள். அவள் பாரத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: சுடலைக்கண்ணு. உறவு: தாத்தா. அதன்கீழ் அந்த நம்பர்.

முழுப்பொய் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பெயர் உண்மை, உறவு உண்மை, நம்பரும் உண்மை. அழைத்தால் அவளே எடுத்துப் பேசிவிடலாம். ஆபத்துக்குப் பாவம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லித்தானே வைத்திருக்கிறார்கள். ஆபத்து வருவதற்கு முன்பே பாவத்தைச் செய்துவைக்கலாமா என்று அவர்கள் சொல்லவில்லை.

வேனில் ஏற்றும்போது மகளிடம் குனிந்தாள்.

"ஏளா, ஸ்கூல்ல கேட்டா தாத்தா இருக்காங்கன்னு சொல்லணும். என்ன?"

"தாத்தாதான் செத்துப் போயிட்டாங்களே?"

"இருக்காங்கன்னு சொல்லு. மிஸ் கேட்டா மட்டும்."

"அப்ப தாத்தா என்னைக் கூப்பிட வருவாங்களா?"

"அதெல்லாம் அவசரம்னாத்தான். அவசரம் ஒண்ணும் வராது. ஏறு, ஏறு."

பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டு ஏறியது. ஏனோ சரண்யாதேவிக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் மாமனார் சிம்மில் வழக்கம்போல இரண்டு ரிங் அடித்து நின்றது. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அப்படி வரும். யார் என்று அவளுக்குத் தெரியும். வன்னியபெருமாள் நம்பர்தான். செத்த தகப்பன் நம்பருக்கு ஒரு மனிதன் ஏன் போன் போடுகிறான் என்று மட்டும் தெரியாது. ஒருநாளும் எடுத்ததில்லை.

ஜூலையில் கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கேயிருந்து நாள் முழுக்க மண்ணை வாரி இறைத்தது. ஒரு புதன்கிழமை பத்தரை மணிக்கு அவளை அமில டாங்கிகள் இருக்கும் யார்டுக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ளே போகிறவர்கள் தீப்பெட்டியும் போனும் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். காவலாளி போனை ஒரு தகர டப்பாவில் போட்டு, பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுத்தார். அவள் உள்ளே போய்க் காகிதத்தைச் சரிபார்த்து, கையெழுத்துக்குக் காத்திருந்து வெளியே வரும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

"யம்மா, ஒங்க போனு நிறுத்தாம கத்திக்கிட்டே கெடந்துச்சு" என்றார் காவலாளி. "நான் எடுக்கக் கூடாதுல்லா."

முப்பத்தொரு அழைப்பு. பதினெட்டு அவள் நம்பருக்கு, மற்றவை மாமனார் நம்பருக்கு. ஏறக்குறைய எல்லாம் பள்ளிக்கூடத்து நம்பர். அம்மாவைக் கூப்பிட்டு, கிடைக்காமல், தாத்தாவைக் கூப்பிட்டு, மறுபடி அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தகர டப்பாவுக்குள் கிடந்திருக்கிறார்கள். அவள் திரும்ப அடித்தாள். பள்ளிக்கூடத்து லைன் கிடைக்கவே இல்லை.

ஆட்டோக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். பைபாஸ் பக்கம் மீனை ஐஸ் போட்டுப் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அமோனியாக் குழாய் வெடித்துவிட்டது. கச்சான் அந்த வாடையை அப்படியே கிழக்கே தள்ளிவிட்டது. கிழக்கே முதலில் இருப்பது பள்ளிக்கூடம்.

"பிள்ளைகளை எல்லாம் வெளியேத்திட்டாவளாம். ஒண்ணும் ஆகியிருக்காது, பதறாதீங்க" என்றார். அவர் சொன்ன வேகத்தில் ஆட்டோவை ஓட்டவில்லை என்று அவளுக்குக் கோபம் வந்தது. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் முகத்தில் ஈரத்துணி கட்டியிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் ஒவ்வொருவரையும் அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். எரிச்சல் தாங்காமல் கண்ணில் நீர் வழிந்தது.

பள்ளிக்கூடத்து கேட்டில் கூட்டம் கலைந்திருந்தது. ஒற்றைச் செருப்புகளும் தண்ணீர் பாட்டில்களும் மணலில் கிடந்தன. வகுப்பு ஆசிரியை ஷெர்லின் மிஸ், மூக்கில் ஈரத் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, ஒரு நோட்டோடும் மைக்கோடும் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"ஐஸ்வர்யா எங்க மிஸ்?"

"ஐஸ்வர்யாவா? அவ போயிட்டாளே" என்றாள் மிஸ், இருமிக்கொண்டே. "உங்க ரெண்டு நம்பரும் எடுக்கல. அப்புறம் மைக்குல பேரைக் கூப்பிட்டேன். அவ தாத்தா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

"தாத்தாதாம்மா. பதட்டத்துல ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டாங்க பாவம். சுடலைக்கண்ணு."

  சரண்யாதேவி தன் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்க மாமனார் செத்து ரெண்டு வருசம் ஆகுது மிஸ்."

ஷெர்லின் மிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?" என்று மட்டும், மிகவும் மெல்லக் கேட்டாள்.

 பிள்ளையைத் தொலைத்தது ஆலையும் இல்லை, காற்றும் இல்லை, தன் கைதான் என்று சரண்யாதேவி நினைத்தாள். சோம்பலும் வறட்டு கவுரவமும் சேர்ந்து எழுதிய ஒரு வரி. ஒரு செத்த மனிதரைக் கூப்பிட்டாள். யாரோ வந்துவிட்டார்கள். சனிப்பிணத்துக்குப் பயந்த பெரியத்தானைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தோமே என்று நினைத்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

கையில் இருந்த போன் அடித்தது. மாமனார் சிம். வன்னியபெருமாள் நம்பர். வழக்கமாக இரண்டு ரிங்கோடு நிற்கும். இன்று நிற்கவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் எடுத்தாள்.

"ஏளா சரண்யா, எத்தனை தடவ அடிக்க? பிள்ள எங்கிட்டதான் இருக்கு. கடைக்கு வா."

அவள் கடைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் ஐஸ்வர்யா உட்கார்ந்து, சிவந்த கண்ணோடு கருப்பட்டி மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். சரண்யாதேவி அவளை அள்ளி எடுத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். கடைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

வன்னியபெருமாள் ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. ஐம்பத்தைந்து வயது, பார்க்க அறுபத்தைந்து.

"பெரியத்தான், அய்யா பேரைச் சொல்லிக் கூட்டிட்டு வந்தது நீங்கதானா?"

"எம் பேரு பாரத்துல இல்லைல்லா தாயி. நாந்தான் பெரியப்பான்னா விடமாட்டாவ. அய்யா பேரு இருந்துச்சு. அதைப் போட்டேன்." சற்று நிறுத்தினார். "ஆனா மொதல்ல கூட்டிட்டுப் போனது நான் இல்ல."

"என்ன சொல்லுதீங்க?"

"வாடை வந்ததும் கடையைச் சாத்திட்டு ஓடுனேன். கேட்டுல ஒரே நெரிசலு. மைக்குல, 'ரெண்டாம் வகுப்பு ஐஸ்வர்யா, சுடலைக்கண்ணு வந்திருக்கீங்களா'ன்னு கூப்பிடுதாவ. ரெண்டு வருசம் கழிச்சு எங்கய்யா பேரை மைக்குல கூப்பிட்டா எனக்கு எப்படி இருக்கும்? கால் நகரல. அதுக்குள்ள ஒருத்தன் கையைத் தூக்கிட்டான்."

"யாரு?"

"தெரியல. மொகத்துல ஈரத்துண்டு. ஊதாச் சட்டை, என் வயசு இருக்கும். கையெழுத்துப் போட்டான், பிள்ளை கையைப் புடிச்சான், பைக்கு நின்ன பக்கம் போறான். நான் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டுப் போய், 'ஏலே, எங்கய்யா பேரைச் சொல்லுத நீ யாருலே'ன்னு துண்டைப் புடிச்சு இழுத்தேன், அது அவிழல. பிள்ளையை விட்டுட்டு நிதானமா நடந்து போறான். ஓடக்கூட இல்ல. அப்புறம் நான் பிள்ளையோட திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டேன், எம் மொகத்துலயும் துண்டு கெடந்ததால மிஸ்ஸுக்கு ஆள் மாறுனது தெரியல."

அவள் மகளைத் திருப்பி முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாத ஆள் கூட ஏன்ளா போன? அது தாத்தா இல்லன்னு மிஸ்கிட்ட சொல்லக் கூடாதா?"

ஐஸ்வர்யா மிட்டாயை வாயிலிருந்து எடுத்தாள்.

"நீதானம்மா சொன்ன. ஸ்கூல்ல கேட்டா தாத்தா இருக்காங்கன்னு சொல்லணும்னு. மிஸ், இதான் உன் தாத்தாவான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்."

சரண்யாதேவி செம்பிலிருந்த மோரை மகளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். பிறகு பெரியத்தானிடம் கேட்டாள், வெகுநாளாக மனதில் கிடந்ததை. "அய்யா நம்பருக்கு எதுக்குப் போன் போடுவீங்க?"

"எடுப்பியன்னு இல்ல. ரிங்கு போச்சுன்னா, நீயும் பிள்ளையும் இங்கனதான் இருக்கிய, நல்லாருக்கியன்னு ஒரு இது. தம்பி பேசமாட்டான். நீயும் பேசமாட்ட. வேற எப்படித் தெரிஞ்சிக்க?"

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். ஊர் பாதி ஆஸ்பத்திரியில் கிடந்த நாள். எழுதி வாங்கியவர், "சுடலைக்கண்ணுன்னு தெருவுக்கு நாலு பேரு இருப்பாவம்மா. அவரும் பேத்தியைக் கூப்பிட வந்திருப்பாரு. முகமூடியில பிள்ளை மாறிப்போச்சு" என்றார். அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகவும் இருந்தது. இரண்டு ராத்திரி அதைச் சொல்லிச் சொல்லித்தான் கண்ணை மூடினாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. எல்லாப் பெற்றோரும் நேரில் வந்து பாரத்தைப் புதிதாக எழுத வேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். அவள் ஐஸ்வர்யாவைக் கையில் பிடித்தபடியே வகுப்புக்குள் போய் உட்கார்ந்தாள். பாலகணேஷைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான். கடைசிக் கட்டத்தில் பேனா நிற்காமல் ஓடியது: வன்னியபெருமாள். உறவு: பெரியப்பா.

ஷெர்லின் மிஸ் அதை வாங்கிப் படித்தாள். பிறகு மேசை டிராயரைத் திறந்து புதன்கிழமை நோட்டை எடுத்தாள். ஐஸ்வர்யா பெயருக்கு நேரே சுடலைக்கண்ணு என்று இரண்டு கையெழுத்து. கீழே இருந்தது கோணல்மாணலாக, பெரியத்தானின் கடைக்கணக்கு எழுத்து. மேலே இருந்தது அச்சடித்த மாதிரி அழகாக, அவசரமே இல்லாமல் போட்டது.

"போலீஸ்ல சொன்னதைச் சொன்னீங்களே, அதே பேருல வேற தாத்தா இருப்பாருன்னு" என்றாள் மிஸ். "நேத்து முழுக்க உக்காந்து ஸ்கூல்ல உள்ள எல்லாப் பாரத்தையும் பாத்துட்டேன். அறுநூத்திப் பன்னெண்டு. சுடலைக்கண்ணுங்கிற பேரு உங்க பாரத்துல மட்டும்தாம்மா இருக்கு."

சரண்யாதேவியின் கை மகளின் கையை இறுக்கியது.

"வலிக்குதும்மா" என்றாள் ஐஸ்வர்யா. பிறகு, மறந்துபோன வீட்டுப்பாடம் நினைவுக்கு வந்ததுபோல, "அந்தத் தாத்தா போகும்போது சொன்னாங்க. ஸ்கூல் திறந்ததும் வாரேன்னு" என்றாள்.

போன் அடித்தது. இந்த முறை அவளுடைய சொந்த நம்பரில். புதன்கிழமை அவள்தான் பெரியத்தானுக்கு அந்த நம்பரைக் கொடுத்திருந்தாள்.

"எங்க இருக்க தாயி?"

"கிளாஸ்ல. பிள்ளை எங்கூடத்தான் இருக்கா. நீங்க?"

"கேட்டுலதான் நிக்கேன். காலையிலேருந்தே நிக்கேன், மனசு கேக்கல. வாட்ச்மேன் உள்ள விடமாட்டேங்கான், பேரு இருக்கணுமாம். எம் பேரை எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் பெரியத்தான்."

"நல்லது." அவர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளையை வெளிய கூட்டிட்டு வராத. அங்கனயே வச்சிக்கோ. ஊதாச் சட்டை எதுத்த டீக்கடையில உக்காந்திருக்கு. இன்னைக்குத் துண்டு இல்ல. மொகம் தெரியுது."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினாள்.

"மிஸ், கேட்டைப் பூட்டச் சொல்லுங்க. போலீசுக்குப் போன் போடுங்க. வெளிய நிக்கிறவங்கள்ல ஒரே ஒருத்தரை மட்டும் உள்ள விடச் சொல்லுங்க."

"யாரை?"

"பாரத்துல இருக்கு பாருங்க. வன்னியபெருமாள்."